ஒரு சொல், பல விடுதலை

அனைவருக்கும் வணக்கம். சட்டச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அகராதி வாசிக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். விடுதலை என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

ஜாமீனில் வந்தவரும் விடுதலை. வழக்கில் ஜெயித்தவரும் விடுதலை. பத்தாண்டு சிறையில் கழித்துவிட்டுத் திரும்பியவரும் விடுதலை. செய்தித் தலைப்பு ஒன்றுதான். சட்டத்தின் கண்ணில் மூவரும் வேறு வேறு ஆட்கள்.

ஜாமீனுக்குப் பிணை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல். ஆள் வெளியே நடமாடுவார். கயிறு நீதிமன்றத்தின் கையில் இருக்கும். சொன்ன தேதிக்கு வராவிட்டால் பிடிவாரண்டு. வழக்கு அப்படியேதான் நிற்கிறது. பிணையில் விடுதலை என்று எழுதுகிறோமே, கட்டி அவிழ்த்த கதை!

குற்றவாளிக் கூண்டு என்கிறோம். அதில் நிற்பவர் தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. கூண்டுக்குப் பெயர் வைத்தவருக்கு அவசரம் போலும்.

சாட்சிகளை விசாரித்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பானால் அதுதான் அசல் விடுதலை. விசாரணைக்கு முன்பே, வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு. விடுதலையானவர் மீது, மேல்முறையீடு தவிர, அதே குற்றத்துக்காகப் பொதுவாக மறுபடி வழக்கு நடத்த முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் கவசம் இல்லை. ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பலாம்.

சரி, குற்றம் நிரூபணமாகிவிட்டது. இங்கே இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ‘இவர் குற்றவாளி’ என்பது குற்றத்தீர்ப்பு. ‘மூன்றாண்டு சிறை’ என்பது தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் சிறை தள்ளிப்போகும், குற்றவாளி என்ற பெயர் போகாது.

எனக்கு உறுத்தலான சொல் மன்னிப்பு. கணித மேதை ஆலன் டூரிங், இன்னொரு ஆணுடன் உறவு கொண்டதற்காக 1952இல் பிரிட்டனில் குற்றவாளியானார். 2013இல், இறந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அரச மன்னிப்பு கொடுத்தார்கள். மன்னிப்பு என்றாலே தப்பு செய்தார் என்றல்லவா ஆகிறது? யார் யாரை மன்னிப்பது!

அதே நாட்டில், கணினி மென்பொருள் தப்புக் கணக்குக் காட்டியதால், பணத்தைத் திருடினார்கள் என்று நூற்றுக்கணக்கான துணை அஞ்சலக அதிபர்கள் தண்டனை பெற்றிருந்தார்கள். 2024இல் அவர்களுக்காக நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அதில் மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றத்தீர்ப்பையே ரத்து செய்தார்கள்.