உங்கள் வீட்டு அலாரத்தை முதலில் அணைக்கப்போவது யார்?

[திரையில்: திறந்த மேசை இழுப்பறை. உள்ளே ஒரு வெள்ளை நிற சென்சார், பக்கத்தில் கழற்றிய பேட்டரி.]

வணக்கம். வீட்டுப் பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்பவன் முகமூடி போட்ட திருடன் என்றுதான் நாம் அனைவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தவர் என் அம்மா. மூன்று நாள்களாகப் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து அலற வேண்டிய, ஆனால் பிற்பகல் தூக்கத்தைக் கெடுத்த சென்சாரைச் சுவரிலிருந்து எடுத்து, பேட்டரியை உருவி, இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அதை அந்த இடத்தில் மாட்டிய என் மீதுதான் குற்றம்.

ஆகவே, எந்தக் கருவி சிறந்தது என்று கேட்பதற்கு முன், நம் வீட்டில் இருப்பவர்கள் எதை அணைக்காமல் வைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

[திரையில்: நான்கு துளைகள் கொண்ட கதவின் வரைபடம்.]

வீட்டுப் பாதுகாப்புக் கேமராவின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், தம் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து வடிவமைத்த கேமரா அமைப்புக்கு 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள், அவற்றுக்கிடையே மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளறையில் திரை, வந்தவரிடம் பேச மைக், தொலைவிலிருந்தே தாழ் திறக்கும் வசதி. நெட்டையானவர் வந்தாலும் குழந்தை வந்தாலும் முகம் தெரிய வேண்டும் என்று அவர் யோசித்திருக்கிறார் பாருங்கள், அந்த நான்கு துளைகளை நான் இன்றைய பல விளம்பரங்களைவிட உயர்வாக மதிக்கிறேன்.

[திரையில்: சென்சாரின் வெள்ளை முகப்பு, மிக நெருக்கத்தில்.]

இனி என் அம்மாவைக் கோபப்படுத்திய பொருளுக்கு வருவோம். பிஐஆர் (Passive Infrared, அதாவது தானாகக் கதிர் எதையும் வீசாமல் வரும் அகச்சிவப்புக் கதிரை மட்டும் உணர்வது) என்று அழைக்கப்படும் இந்த சென்சார் அசைவைப் பார்ப்பதில்லை. வெப்பம் இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. நம் உடல் எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. முகப்பில் பால்போல் வெளுத்திருக்கும் இந்த பிளாஸ்டிக் மூடி உண்மையில் ஒரு லென்ஸ். அது அறையை விசிறி மடிப்புகளைப்போலப் பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒருவர் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கடக்கும்போது உள்ளேயிருக்கும் இரண்டு உணர்பகுதிகளில் விழும் வெப்பம் மாறி மாறி ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே அலாரமாகிறது.

இதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த மூன்று உண்மைகள் கிடைக்கின்றன. சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவரைவிட அதன் முன் குறுக்கே நடப்பவரை அது எளிதில் பிடித்துவிடும். எனவே வாசலுக்கு நேர் எதிரே மாட்டுவதைவிட, வருபவர் குறுக்கே கடக்கும்படி மூலையில் மாட்டுவதே மேல். அடுத்து, ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிருக்குச் சுவரைப் போன்றது. உள்ளேயிருந்து தோட்டத்தை நோக்கித் திருப்பி வைத்தால், வெளியே ஒரு படையே அணிவகுத்துச் சென்றாலும் அதற்குத் தெரியாது. கடைசியாக, அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க, மனிதரைச் சுவரிலிருந்து பிரித்தறிய அது தடுமாறும்.

எங்கள் வீட்டில் நடந்தது என்னவென்றால், சென்சாருக்கு எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தது. பிற்பகல் வெயிலில் சூடேறிய திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் ஆடியபோதெல்லாம், சூடான ஏதோ ஒன்று நகர்கிறது என்று அது நேர்மையாகக் கூவியிருக்கிறது. மூன்று நாள் தேடிய திருடன் ஒரு திரைச்சீலை! உங்கள் வீட்டில் பூனை இருந்தால், செல்லப்பிராணிகளுக்கு அலறாது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பும் முன், அந்தப் பூனை அலமாரி மேல் ஏறுமா என்று பாருங்கள். ஏறினால் அந்த வாக்குறுதி தரையோடு நின்றுவிடும். உங்கள் வீட்டு அலாரத்தை யார், ஏன் அணைத்தார் என்பதைக் கீழே எழுதுங்கள், நான் அனைத்தையும் படிக்கிறேன்.

குழந்தைகளும் பிராணிகளும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கதவிலும் ஜன்னலிலும் ஒட்டும் காந்த சென்சாரே போதும்; கதவு திறந்து காந்தம் விலகினால் மட்டுமே அது பேசும்.

[திரையில்: மெமரி கார்டு.]

கேமரா வாங்குபவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுவிடுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்யும் ஒரு கேமரா, ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி இடத்தை விழுங்கும். அப்படியென்றால் 128 ஜிபி கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது. ஒரு வார விடுமுறை முடித்து நீங்கள் திரும்பும்போது முதல் நாள் பதிவு அழிந்திருக்கும். கேமராவுடன் வரும் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள். 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை வைத்தே கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. மின்சாரம் போனால் கேமராவோடு ரவுட்டரும் நின்றுவிடும் என்பதால் இரண்டுக்குமே பேட்டரித் துணை தேவை.

எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் சைரன் யாரை எழுப்பும்? அங்கே கைபேசிக்கு வரும் அறிவிப்பும், அதைப் பார்த்தவுடன் போய்ப் பார்க்கச் சம்மதித்த ஓர் அண்டை வீட்டாரும் வேண்டும். அது முடியாதென்றால் கட்டணம் செலுத்தும் கண்காணிப்புச் சேவைதான் வழி.

பொருத்தி முடித்ததும் அலாரத்தை இயக்கிவிட்டு, வீட்டிலேயே மூத்தவரை வெளியே போய் உள்ளே வரச் சொல்லுங்கள். கதவைத் திறந்தபின் குறியீட்டை அழுத்த, எங்கள் கருவி 30 விநாடிகள் அவகாசம் தந்தது. என் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்கவே 40 விநாடிகள் ஆயின. நாங்கள் அவகாசத்தை 60 விநாடிகளாக்கினோம். இழுப்பறையிலிருந்த சென்சார் மீண்டும் சுவருக்கு ஏறிவிட்டது, இந்த முறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி.