உறை ஊற்றியவர்கள்

(பட்டிமன்றத் தலைப்பு: மேதைகளின் பெயர் காலம் கடந்து நிற்பது அவர்கள் திறமையாலா, காப்பாற்றிக் கொடுத்தவர்களாலா? ‘காப்பாற்றிக் கொடுத்தவர்களாலேயே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது நீங்களும் கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினீர்கள். நான் பார்த்துவிட்டேன். போகட்டும், நான் முடிக்கும்போது அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

அவர் என்ன சொன்னார்? “வைரம் குப்பையில் கிடந்தாலும் வைரம்தான். சங்கப் புலவன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பாடியது இன்றைக்கும் நிற்கிறது. அவனுக்கு எந்த மேனேஜர் இருந்தார்?” என்று கேட்டார். நீங்கள் கை தட்டியது அந்த இடத்தில்தான்.

வைரமா? ஓலை ஐயா, ஓலை! நம் ஊர் வெயிலுக்கும் கரையானுக்கும் ஓர் ஓலைச்சுவடி சில நூறு வருஷம் தாங்குவதே பெரிய காரியம். அப்படியானால் இரண்டாயிரம் வருஷம் நின்றது எது? சில தலைமுறைக்கு ஒருவர் எழுத்தாணியை எடுத்து, முதுகு வலிக்கக் குனிந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதியிருக்கிறார். அவர் பேர் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. அவர்தான் மேனேஜர்.

எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி. நாதகுத்தனாரைத் தெரியுமா? பக்கத்தில் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியை எழுதியவர். அந்தக் காப்பியத்தில் இன்று மிஞ்சியிருப்பது 19 பாட்டு. வளையாபதி இன்னும் மோசம். 72 பாட்டு கிடைக்கிறது, எழுதியவர் பெயரே போய்விட்டது. புறநானூறு என்று பெயர் வைத்துக்கொண்டு நானூறு பாட்டும் இல்லை. 267, 268 இரண்டும் காணோம். அந்த இரண்டைப் பாடியவர்களுக்கு மட்டும் திறமை போதவில்லையா? பாட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஏடு போய்விட்டது.

ஏடு எப்படிப் போகும் என்று உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிறார். கோயிலில் கேட்டால், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று பதில் வருகிறது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மரியாதையாகச் செய்திருக்கிறார்கள்! அந்தத் தீயில் என்னென்ன காப்பியம் போயிற்றோ. நல்லவேளை, நம் மனிதர் அடுத்த ஊருக்கு வண்டி கட்டினார். 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலம்பு, 1894இல் புறநானூறு என்று அச்சில் ஏற்றினார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், இன்றைக்கு நீங்கள் மேடைக்கு மேடை முழங்கும் ‘யாதும் ஊரே’ எந்தப் பரணில் கிடந்திருக்கும்?

அடுத்ததாக எதிரணித் தம்பி பேசினார். வின்சென்ட் வான்கோ ஓவியம் இன்று பல கோடிக்கு ஏலம் போகிறது, அந்த மஞ்சள் நிறத்தை யார் காப்பாற்ற வேண்டும் என்றார். நல்ல பேச்சு. ஆனால் தம்பி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

1890 ஜூலையில் வான்கோ இறக்கிறார், வயது 37. ஓவியம் பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. அவரை நம்பியது தம்பி தியோ ஒருவர்தான். தியோவும் ஆறே மாதத்தில் போய்விடுகிறார். மிச்சம் யார்? தியோவின் மனைவி யோஹன்னா, வயது 28. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. வீட்டில் நானூறுக்கு மேல் விற்காத ஓவியங்கள், கோட்டோவியங்கள், ஒரு பெரிய கட்டுக் கடிதங்கள். நம் வீட்டில் கொழுந்தனார் இப்படிச் சொத்து வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன செய்திருப்போம்? இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டிருப்போம். (இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் சிரிக்கிறீர்கள். நானும் உங்கள் கட்சிதான்.)

யோ என்ன செய்தார்? ஹாலந்தில் புஸும் என்ற சின்ன ஊருக்குப் போய், தங்கும் விடுதி ஒன்றை நடத்திப் பிழைத்தார். சுவர் முழுக்க அந்த ஓவியங்களை மாட்டினார். வின்சென்டின் படங்களை நாலு பேர் பார்க்கவும் மதிக்கவும் செய்யும் வேலையை என் கணவர் எனக்கு விட்டுப் போயிருக்கிறார் என்று நாட்குறிப்பில் எழுதினார். விமர்சகர்களுக்குக் கடிதம், கண்காட்சிக்குக் கடிதம். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 480க்கு மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி நடக்கிறது. செத்துப் பதினைந்து வருஷம் கழித்து! அண்ணன் தம்பி கடிதங்களை அவர் 1914இல்தான் புத்தகமாக்கினார். அந்த மனிதரின் சோகக் கதையைக் கேட்டு உலகம் இரக்கப்படும் முன்னால் ஓவியத்தைப் பார்த்து மதிக்கட்டும் என்று வேண்டுமென்றே அடக்கி வைத்திருந்தார். எது முதலில் போக வேண்டும், எது பிறகு என்று கணக்குத் தெரிந்த பெண்மணி.

1924இல் லண்டன் தேசியக் கலைக்கூடம் சூரியகாந்தி ஓவியத்தைக் கேட்கிறது. முதலில் மாட்டேன் என்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்த படம், பிரிய மனம் வரவில்லை. பிறகு, வின்சென்டின் பெருமைக்காகத் தருகிறேன் என்று கொடுக்கிறார். மறு வருஷம் இறந்துபோனார். தம்பி, நீங்கள் பார்த்துச் சொக்கிய அந்த மஞ்சள், முப்பது வருஷம் ஒரு விதவையின் வீட்டுச் சுவரில் இருந்த மஞ்சள்.

“அப்படியென்றால் அந்த அம்மாளிடம் என் கிறுக்கலைக் கொடுத்தால் நானும் வான்கோவா?” என்று தம்பி கேட்கப் போகிறார். முகத்தில் தெரிகிறது. இல்லை தம்பி. பால் நல்ல பாலாக இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரில் உறை ஊற்றினால் தயிராகாது. ஆனால் நடுவர் கொடுத்த தலைப்பு பால் நல்லதா கெட்டதா என்பது இல்லை. மறுநாளைக்கு நிற்குமா என்பதுதான். எவ்வளவு கொழுப்பான பாலும் அப்படியே வைத்தால் காலையில் திரிந்து கிடக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்துபோய் ஒரு கரண்டி மோர் விட்டது யார்? அதைத்தான் நாங்கள் பேசுகிறோம்.

பாரதிக்கு வருகிறேன். பாரதி தன் திறமையை அறியாதவரா? 1920இல் தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போகிறேன், மண்ணெண்ணெய் தீப்பெட்டியை விடச் சாதாரணமாக வீட்டுக்கு வீடு விற்கும் என்று சுற்றறிக்கை விட்டார், கடன் கேட்டார். கவனியுங்கள். அறிக்கை விட்டது யாரோ இல்லை, மகாகவியே தன் கையால் விட்டது. நடந்ததா? நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் கண் மூடினார். சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். எட்டயபுரத்திலும் புதுச்சேரியிலும் கடையத்திலும் அவர் திறமை அவரோடுதான் இருந்தது. அது மட்டும் போதுமென்றால் கூட்டம் வந்திருக்க வேண்டாமா?

அடுத்த வருஷமே சுதேச கீதங்கள் அச்சாகி வந்தது. போட்டவர் செல்லம்மா. அரிசியைக் குருவிக்குப் போட்டார் என்று கதை சொல்லி நாம் சிரிக்கிறோமே, அன்றைக்கு அரிசி கடன் வாங்கி வந்த அந்தச் செல்லம்மாதான், கணவர் போன துக்கம் ஆறுவதற்குள் புத்தகம் போட்டார். பிறகு பாரதியின் தம்பி விசுவநாதனும் ஹரிஹர சர்மாவும் பாரதி பிரசுராலயம் வைத்துத் தொடர்ந்தார்கள். 1928இல் சர்க்கார் புத்தகங்களைப் பறிமுதல் செய்தபோது சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து சண்டை போட்டார். 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாடியதும், புத்தகம் படிக்கத் தெரியாத வீட்டுக்குள்ளும் பாரதி நுழைந்தார். 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கிப் பொதுச்சொத்தாக்க வழி செய்தது.

இதில் எனக்குப் பிடித்த ஆள் கல்கி. 1930களில் பாரதி உலகக் கவிகள் வரிசையில் வருவாரா என்று ஒரு பெரிய சண்டை. எழுத்தாளர் வ.ரா. வருவார் என்கிறார். கல்கி அந்த அளவுக்குப் போகாதே என்கிறார். கு.ப.ரா.வும் சிட்டியும் பாரதிக்காகப் புத்தகமே போட்டார்கள். சரி, பத்து வருஷம் கழித்து எட்டயபுரத்தில் மணிமண்டபம் கட்ட ஊர் ஊராக நிதி திரட்டியது யார்? அதே கல்கி! சண்டை போட்டவரே மண்டபம் கட்டினார். அந்தச் சண்டையும் ஒரு வகைக் காவல்தான் என்பேன். பத்து வருஷம் அந்தப் பெயரை யாரும் மறக்க விடவில்லையே. இன்றைக்கு நாம் மீசையையும் முண்டாசையும் டீ சட்டையில் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். பாட்டு எத்தனை தெரியும் என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம். அது வேறு கதை, நேரம் இல்லை.

கடைசியாக ராமானுஜன். எதிரணி இன்னும் தொடவில்லை, அதனால் முந்திக்கொள்கிறேன். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜில் வேறு பேராசிரியர்களுக்கும் எழுதினார், ஒன்றும் நடக்கவில்லை. எழுதியவர் அதே ராமானுஜன்தானே? திறமையே போதுமென்றால் முதல் கடிதத்திலேயே கப்பல் டிக்கெட் வந்திருக்க வேண்டும். படித்துப் பார்த்துத் தூக்கம் தொலைக்க ஒரு ஹார்டி வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பின்னால் வருகிறது. 1919இல் உடம்பு முடியாமல் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. காகிதம் விலை அதிகம் என்று முன்பெல்லாம் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர். அந்த முழங்கை அழித்தது எவ்வளவோ, போனது போனதுதான். கடைசி வருஷம் படுக்கையில் கிடந்து தாளில் எழுதினார். அந்தத் தாள்களைக் கலைந்து போகாமல் வைத்திருந்தவர் மனைவி ஜானகி. இருபத்தொரு வயதுப் பெண். அதில் ஒரு வரி அவருக்குப் புரிந்திருக்காது. புரியாததைப் பத்திரப்படுத்துவதுதான் கஷ்டம், நடுவர் அவர்களே. புரிந்ததை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள்.

தாள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1923இல் அங்கிருந்து ஹார்டிக்கு. ஹார்டியிடமிருந்து வாட்சன் என்ற பேராசிரியருக்கு. வாட்சன் 1965இல் இறந்தார். அவர் அறையைப் பார்க்கப் போன விட்டேக்கர் என்ற கணித அறிஞர், தரை முழுக்கக் காகிதம் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறார். சில நாளில் எல்லாவற்றையும் எரிக்க ஏற்பாடு. பார்த்தீர்களா? கரிவலம்வந்தநல்லூரில் நெய்யோடு, இங்கிலாந்தில் நெய் இல்லாமல்! கையை விட்டு எடுத்த கட்டுகளில் ராமானுஜன் தாள்கள் இருந்தன. ராங்கின் என்ற கணித அறிஞர் வழியாக 1968இல் டிரினிட்டி கல்லூரி நூலகம் போய்ச் சேர்ந்தது. 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் ஒரு பெட்டியைத் திறந்தார். நூறு பக்கத்துக்கு மேல், அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். ஐம்பத்தாறு வருஷம் அந்தத் திறமை பெட்டிக்குள் படுத்திருந்தது. தானாக எழுந்து வந்து கதவைத் தட்டவில்லை.

முதல் மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம், இதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அத்தனை வருஷமும் ஜானகி அம்மாள் எங்கே இருந்தார்? தையல் கற்றுக்கொண்டு, துணி தைத்து, திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். கணிதம் படித்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து அந்தத் தெருவில் வழி கேட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு பேட்டியில் அந்த அம்மாள், என் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அந்தச் சிலை எங்கே என்று கேட்டார். அது ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியரின் காதுக்கு எட்டியது. உலகம் முழுக்க உள்ள கணித அறிஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, ராமானுஜனின் பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வார்த்தார். கேட்டவருக்கே அது வந்து சேர்ந்தது.

ஜானகி அம்மாள் கேட்டது தனக்கு இல்லை. அவருக்கு இன்னும் யாரும் கேட்கவில்லை. மணி அடியுங்கள் ஐயா, வணக்கம்.