பென்னி வாங்க வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, எதைப் பற்றிப் பேசட்டும் என்று கேட்டேன். "உங்கள் சபையைப் பற்றியே பேசுங்களேன்" என்றார்கள். எனக்கு அது வசதி. இந்த விஷயத்தை வீட்டில் ஆரம்பித்தால் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். இங்கே நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். அங்கே யுனைடெட் மெதடிஸ்ட் சபை ஒன்றில் அங்கத்தினன். பிறந்து வளர்ந்தது தென்னிந்திய திருச்சபையில். அங்கே அறுப்பின் பண்டிகை வந்தால் ஒரே முருங்கைக்காய்க் கட்டு ஏலத்தில் நாலு பேர் கைக்குப் போய், நாலு பேரும் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் ஏல மேசைக்கே வந்து சேரும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஊர் நவம்பர் மாதம் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. ஏலம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

நம்மில் பலருக்கு தேங்க்ஸ்கிவிங் என்றால் நாலு நாள் விடுமுறை, தள்ளுபடி விற்பனை, யாராவது ஒருவர் வீட்டில் பிரியாணி. ஒரு மெதடிஸ்ட் சபைக்குள் இருந்து பார்த்தால் இந்தப் பருவம் வேறு மாதிரி. அடுத்த வருஷ பட்ஜெட் தயாராகிக்கொண்டிருக்கும். நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று எழுதித் தர ஒரு அட்டை வரும். வட்டாரச் சபைகளை மேற்பார்க்கும் டிஸ்டிரிக்ட் சூப்பரின்டெண்டன்ட் தலைமையில் வருஷாந்திரக் கூட்டம் நடக்கும். போதகருக்கு என்ன சம்பளம், அடுத்த வருஷம் யார் யார் பொறுப்பில் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பல சபைகளில் இது இலையுதிர் காலத்தில்தான் வரும். இத்தனைக்கும் நடுவில் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூட்டு விருந்தும் சாப்பிட வேண்டும். மேலே ஸ்தோத்திரம், கீழ்க் கூடத்தில் கணக்கு. பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்ன கதை எப்படியும் பிரசங்கத்தில் வந்துவிடும், அதனால் அதை நான் விட்டுவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்: நன்றி சொல்லும் நேரத்தில் எதற்குக் கணக்கும் கடனும்? மெதடிஸ்டுகளுக்கு இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வந்தன என்பது என் பல வருஷக் கட்சி. அதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1742-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1739-இல் அங்கே ஒரு கட்டடம் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். 'புதிய அறை' என்று பெயர். இன்றும் இருக்கிறது, பிரிஸ்டல் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். சரி, கட்டடம் எழுந்துவிட்டது, கடன் தீரவில்லை. வீடு கட்டின எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கடனை எப்படி அடைப்பது என்று பேசக் கூடினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர் எழுந்து, ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி கொடுத்தால் என்ன என்றார். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. நமக்குச் சில்லறையாகத் தோன்றும். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தினக்கூலிக்காரர்கள் அதிகம். பலரால் அதுகூட முடியாதே என்று ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு.

அதற்கு ஃபாய் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்த இடம். இருப்பவர்களிலேயே ஏழைகளாகப் பதினொரு பேரை என் கணக்கில் போடுங்கள் என்றார். வாரா வாரம் நானே அவர்களைப் போய்ப் பார்க்கிறேன். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். கொடுக்க முடியாதவர்களுக்கு என் கையிலிருந்து போடுகிறேன். இதுபோல நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரைப் பாருங்கள். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது கவனியுங்கள். வசூலுக்காகத்தான் புறப்பட்டார்கள், வேறு எந்த உயர்ந்த நோக்கமும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? உள்ளே நடப்பது தெரியும். ஒருவர் வந்து வெஸ்லியிடம் சொன்னார்: நான் போனபோது அந்த மனிதன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவர் போன வீட்டில் ஆள் குடித்துவிட்டு இருந்தான். இத்தனை நாள் தேடியது இதுதானே என்று வெஸ்லிக்கு அப்போதுதான் உறைத்ததாம். அவர் பிரசங்கம் செய்யும்போது ஆயிரக்கணக்கில் நின்று கேட்பார்கள், அழுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பென்னி வாங்கப் போனவருக்குத் தெரிந்தது.

அப்படிப் பிறந்ததுதான் வகுப்புக் கூட்டம் என்கிற ஏற்பாடு. பன்னிரண்டு பேர் சுமாருக்கு ஒரு தலைவர். மெதடிஸ்ட் இயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதன் மேல்தான் நின்றது. கொஞ்ச நாளிலேயே வீடு வீடாகப் போவது கஷ்டமாகிவிட்டது. தலைவர்களுக்கு நேரம் போதவில்லை. பலர் அடுத்தவர் வீட்டில் வேலைக்காரர்களாக இருந்தார்கள். எஜமானர்கள் இவர்களை உள்ளே விடவில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு முறை எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது என்று மாற்றினார்கள். பாருங்கள், ஆரம்பித்த சூட்டிலேயே ஒரு மாற்றம். அதற்கும் அன்றைக்கு யாராவது முணுமுணுத்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இந்த முணுமுணுப்பைத்தான். இன்றைக்கு நாங்கள் எழுந்து நின்று எதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறோமோ, அதில் பாதி ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொன்ன காரியம். நன்றி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. முதலில் வருவது முணுமுணுப்பு.

இந்தப் பண்டிகையின் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1863-இல் உள்நாட்டுப் போரின் நடுவில், நவம்பர் கடைசி வியாழக்கிழமை என்று ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். 1939-இல் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமை வந்தது. கடைசி வியாழன் 30-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் புலம்ப, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் தள்ளி 23-ஆம் தேதி என்றார். அவ்வளவுதான், நாடே இரண்டுபட்டது. காலண்டர் அச்சடித்தவர்களுக்குக் கோபம், கால்பந்துப் போட்டிகளுக்குத் தேதி குறித்திருந்த கல்லூரிகளுக்குக் கோபம். சில மாநிலங்கள் பழைய தேதியில் கொண்டாடின, சில புதிய தேதியில். 1941-இல் நாடாளுமன்றம் நாலாவது வியாழன் என்று சட்டம் போட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது. ஆக, ஒரு தலைமுறை நன்றி சொல்வது எந்த நாளில் என்றே சண்டை போட்டிருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

திருவிருந்துக்கு நாங்கள் புளிக்காத திராட்சைச் சாறுதான் கொடுக்கிறோம். அதைத் தொடங்கி வைத்தவர் நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் இருந்த தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர், மெதடிஸ்ட். 1869-இல் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சபைகளில் யாரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. மனிதர் வெறுத்துப்போய் அதை விட்டுவிட்டார், மகன்தான் பிறகு எடுத்து நடத்தினார். இன்று எங்கள் சபையில் யாராவது ஒயினைக் கொண்டுவந்து வைத்தால் கலவரம் நடக்கும்.

இன்னொன்று. தேங்க்ஸ்கிவிங் மேசையில் பீன்ஸ் கேஸரோல் இல்லாமல் இருக்காது. ஆதிகாலத்து மரபு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேம்பல் சூப் கம்பெனிச் சமையலறையில் டோர்கஸ் ரைலி என்ற அம்மா 1955-இல் உருவாக்கியது அது. அதற்கு அடுத்த வருஷம், 1956-இல், மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு முழுமையான குருத்துவ உரிமை கொடுத்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. கேஸரோலை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண் போதகர் வருகிறார் என்றால் கிசுகிசு பேசுகிறவர்களை இன்றும் நான் பார்க்கிறேன். எங்கள் இப்போதைய போதகர் ஒரு பெண். வந்த புதிதில் முகம் சுளித்தவர்களே இப்போது, பேராயர் இவரை எங்காவது மாற்றிவிடுவாரோ என்று கவலைப்படுகிறார்கள்.

மாற்றத்தான் செய்வார். மெதடிஸ்ட் சபையில் போதகரை அனுப்புவது பேராயர். அந்தக் காலத்தில் குதிரையில் ஊர் ஊராகப் போனவர்கள். 1804-இல் ஒரு இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே போட்டார்கள். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் கோடையில் மாற்றல் கடிதம் வரும். பழகின முகம் போகும், புது முகம் வரும். நவம்பரில்தான் அந்தப் புது முகத்தோடு முதல் விருந்து. அவர் வேறு ஊர்ப் பழக்கத்தில் மேசையை மாற்றிப் போட்டால்கூடப் பேச்சு வரும்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் ஒன்று இருக்கிறது. 2019-க்குப் பிறகு நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பாலினத்தவர் திருமணம், குருத்துவம் பற்றிய கருத்து வேறுபாட்டில் யுனைடெட் மெதடிஸ்ட் சபை உடைந்தது. விலகிப் போக ஒரு வழி திறந்தார்கள். வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால் போகலாம். 2023 முடிவுக்குள் 7,600-க்கும் மேற்பட்ட சபைகள் போயின. அமெரிக்காவில் இருந்தவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 2024-இல் சார்லட்டில் கூடிய பொது மாநாடு இந்த இரண்டிலும் இருந்த பழைய தடைகளை நீக்கியது. யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான் பார்த்தது வாக்கெடுப்புக்குப் பிறகு வந்த நவம்பரை.

எங்கள் சபை விலகவில்லை. ஆனால் பல குடும்பங்கள் போய்விட்டன. அந்த வருஷ விருந்தில் மேசைகள் குறைந்திருந்தன. ஒருவர் மைக்கைப் பிடித்து, இதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம் செய்வோம் என்று ஆரம்பித்தார். எனக்கு ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. அடிபட்ட அன்றே நன்றி சொல் என்று யாரையும் நெருக்கக் கூடாது. வலிக்கிறது என்று சொல்ல விட வேண்டும். நன்றி வருகிறபோது வரட்டும்.

அந்த வருஷம் சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு கண்ணாடிப் பாத்திரம் கிடைத்தது. அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருந்தது. இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், விருந்து முடிந்து பாத்திரம் மாறிவிடக் கூடாதே என்று. விலகிப் போன ஒரு அம்மாவுடையது. ஆபீஸில் வைத்துவிட்டு மின்னஞ்சல் போட்டால் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் சபையில் ஒரு மூத்த பெண்மணி, நான் கொண்டுபோகிறேன் என்று எடுத்துக்கொண்டார். போனார். வெகுநேரம் உட்கார்ந்து பேசினார்கள். அந்த அம்மாவின் கணவருக்கு உடம்பு சரியில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுவாரத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மா சபைக்குத் திரும்பி வரவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், மறுபடியும் அதே இடம்தான்: வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது காணிக்கையெல்லாம் போனில் போய்விடுகிறது. தட்டு வரும்போது பாதிப் பேர் சும்மா அடுத்தவரிடம் நகர்த்துகிறோம், நான் உட்பட. எனக்கு அதில் குறை இல்லை. கொரோனா வருஷத்தில் கதவை மூடியிருந்தபோது சபையைக் காப்பாற்றியது அதுதான். அந்த தேங்க்ஸ்கிவிங்கில் கூடிச் சாப்பிட முடியாமல், வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று கார் ஜன்னல் வழியாகப் பொட்டலம் கொடுத்தோம். பணம் வாங்க ஆள் வர வேண்டியதில்லை, சரி. ஆனால் பணம் வாங்க வந்தவர் கூடவே கேட்ட கேள்வியை இனி யார் வந்து கேட்பது? எங்கள் கமிட்டியில் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று என்மேல் ஒரு புகார் உண்டு. உங்களிடமும் சொல்லிவிட்டேன். அந்த வருஷாந்திர அட்டையைத் தபாலில் அனுப்பாமல் ஆளுக்குப் பத்துப் பதினொரு வீடாகப் பிரித்துக்கொண்டு நேரில் கொடுப்போம் என்பதுதான் என் யோசனை. கமிட்டி பரிசீலனையில் வைத்திருக்கிறது. கமிட்டி என்றால் உங்களுக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். புது வருஷத்தில் வரும் உடன்படிக்கை ஆராதனை பற்றி விரிவாகப் பேசத் தயார் செய்து வந்தேன், அதற்கு இப்போது இரண்டு நிமிஷம்கூட இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1755-இல் வெஸ்லி லண்டனில் நடத்தத் தொடங்கியது. நான் இனி எனக்குச் சொந்தமல்ல, என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஓரமாக உட்காரவைத்தாலும் சரி என்ற கருத்தில் சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் அதில் உண்டு. தென்னிந்திய திருச்சபை வழிபாட்டிலும் இந்த ஆராதனை இருக்கிறது. நேயர்களில் சிலர் அங்கே சொல்லியிருப்பீர்கள். ஓரமாக உட்காரவைத்தாலும் என்ற அந்த இடத்தைப் பற்றித்தான் பேச நினைத்தேன், ஏனென்றால் எங்கள் வருஷாந்திரக் கூட்டத்தில் பொறுப்பு மாறுகிற ஒவ்வொருவரும் தடுக்கிக்கொள்வது அங்கேதான். நிலையத்தார் ஜனவரியில் மறுபடி கூப்பிட்டால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.