ஒரே இனம்தான், ஆனால் ஒவ்வொரு லோச்சுக்கும் பேட்டர்ன் ஏன் வேறு?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். இது லோச் என்னும் நன்னீர்த் தொட்டி மீன்களைப் பற்றியது; அதில் யோயோ என்ற இனத்துக்கு உடம்பில் ஆங்கில Y, O எழுத்துகள் போலப் பட்டைகள் இருக்கும். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "எட்டு மாதத்துக்கு முன்னால் ஐந்து யோயோ லோச் வாங்கினேன். அப்போது ஐந்தும் விரல் நீளம்தான். ஒய், ஓ என்று எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. இப்போது இரண்டு மீனில் உடம்பெல்லாம் வலை விரித்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்றில் பட்டை துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. ஒன்று மட்டும் வாங்கியபோது இருந்தபடியே இருக்கிறது. கடைசி ஒன்று அடிக்கடி சாம்பல் பூத்துப் போகிறது. வேறு இனங்களைக் கலந்து கொடுத்துவிட்டார்களா? தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமா?" கூடவே போட்டோவும் அனுப்பியிருக்கிறார்.

போட்டோக்களைப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தேன். ஐந்தும் யோயோதான். பிரிக்க வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, நன்றாகப் பழகிவிட்ட ஒரு கூட்டத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஐந்து மீனையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதை விடுங்கள். ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு அதன் இடப்பக்கத்தை ஒரு போட்டோ, வலப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் உள்ள ஒரு யோயோவுக்கு இடப்பக்கம் செவுளுக்குப் பின்னால் அழகான ஒரு ஒய் இருக்கிறது. வலப்பக்கம் அதே இடத்தில் ஒய்யின் ஒரு கை மட்டும்தான், இன்னொரு கை பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த பட்டை இடப்பக்கம் மூடிய வளையம், வலப்பக்கம் வாய் திறந்த வளையம். ஒரே மீன், ஒரே உடம்பு, ஒரே மரபணு. அதற்குள்ளேயே இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், ஐந்து மீன்கள் ஒத்துப்போகும் என்று நாம் எப்படி எதிர்பார்ப்பது?

இது எப்படி நடக்கிறது என்றால், மீனின் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் முக்கியம். கறுப்புக்கு மெலனோஃபோர், மஞ்சளுக்கு சாந்தோஃபோர், மினுமினுப்புக்கு இரிடோஃபோர். இவற்றை விரிவாக ஆராய்ந்தது, ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீன் என்ற சின்னக் கோடு போட்ட மீனில்தான். கோடு இங்கே, புள்ளி அங்கே என்று மரபணுவில் வரைபடம் எதுவும் இல்லை. செல்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் தாங்குவதும் எப்படி என்ற விதிதான் இருக்கிறது. அந்த விதிப்படி அவை தாங்களாகவே பட்டையாகவும் புள்ளியாகவும் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆரம்பத்தில் ஒரு செல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும், முடிவில் பட்டை கிளை பிரியும் இடமே மாறிவிடும். இப்படித் தானாக உருவாகும் வடிவங்களுக்கான கணக்கைக் கணித மேதை ஆலன் டூரிங் 1952-லேயே எழுதி வைத்துவிட்டார்.

இதற்கு மீன் தொட்டி உலகத்திலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு: மார்பிள்ட் கிரேஃபிஷ். ஆணே இல்லாமல், பெண் மட்டுமே குஞ்சு பொரிக்கிற, சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிரி அது. தாயும் பிள்ளைகளும் மரபணுவில் அச்சு அசல். ஆனாலும் ஒரே ஈற்றுக் குஞ்சுகளை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றின் ஓட்டிலும் பளிங்குக் கோலம் வேறு வேறாக இருக்கும். நகல்களுக்கே இந்தக் கதை என்றால், நகல்களாக இல்லாத உங்கள் லோச்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, வாங்கும்போது எழுத்து தெளிவாக இருந்ததே, பிறகு ஏன் மாறியது? உடம்பு வளர்ந்ததால்தான். பட்டைகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியை அந்தச் செல்களின் விதிதான் முடிவு செய்கிறது. மீன் இரண்டு மடங்கு ஆகும்போது நடுவில் காலியிடம் விழுகிறது. அந்த இடத்தில் புதிய கோடு முளைக்கும், அல்லது பழைய கோடு பிளக்கும். கடலில் வாழும் எம்பரர் ஏஞ்சல் மீனில் இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிகேரு கோண்டோவும் ரிஹிதோ அசாயும் 1995-ல் அழகாகக் காட்டினார்கள். கோடு கிளை பிரியும் இடம், ஜிப்பைத் திறப்பது போல மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் ஒரு கோடு இரண்டாகிவிடுகிறது. யோயோவிலும் வளர வளர பட்டைகள் கிளைத்து, கிளைகள் பக்கத்துப் பட்டையைத் தொட்டு, வலைப்பின்னல் ஆகிவிடுகிறது. யோயோ என்ற பெயரே குட்டி மீனின் பெயர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மீனில் அந்த எழுத்தைத் தேடினால் கிடைக்காது. உங்களிடம் மாறாமல் இருக்கும் அந்த ஒன்று, போட்டோவில் பார்த்தால் மற்ற நான்கைவிடச் சிறியது. அதுவும் வளரும்போது மாறும்.

மற்ற லோச்களிலும் இதே கதைதான். மியான்மரின் அட்டரான் ஆற்றுப் படுகையிலிருந்து வரும் போட்டியா குபோட்டாய் என்ற லோச்சுக்கு 2004-ல்தான் மீனியல் ஆய்வாளர் மாரிஸ் கோட்டெலாட் முறையாகப் பெயர் வைத்தார். கறுப்பில் வெளிர்ப் புள்ளிகள் வைத்த மீன் அது. இரண்டு மீன்கள் ஒன்றுபோல இருப்பதைக் காண்பது அரிது, வயது ஏற ஏற புள்ளிகளும் இடம் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் ஜீப்ரா லோச், அதாவது போட்டியா ஸ்ட்ரியாட்டா, இன்னும் அழகு. அதன் மெல்லிய கோடுகளை உற்றுப் பாருங்கள்: சில நேராக இறங்கும், சில நடுவயிற்றில் கவட்டையாகப் பிரியும், சில பாதியில் நின்றுவிடும். அதை வைத்தே என் தொட்டியில் எந்த மீன் எது என்று அடையாளம் கண்டுபிடிக்கிறேன். சுமத்ராவிலும் போர்னியோவிலும் வாழும் க்ளௌன் லோச்சில் ஊர் வித்தியாசமே உண்டு. சுமத்ரா மீனின் இடுப்புத் துடுப்பு முழுக்க ஆரஞ்சுச் சிவப்பு, போர்னியோ மீனுக்கு அதில் கறுப்பும் கலந்திருக்கும். இரண்டும் ஒரே இனம்.

இப்போது சாம்பல் பூக்கிற அந்த மீன். இது வேறு விஷயம், இதைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். நிறச் செல்லுக்குள் கறுப்புத் துகள்கள் பரவினால் நிறம் அடர்த்தியாகும், நடுவில் குவிந்தால் வெளிறும். இது நிமிடக் கணக்கில் நடக்கும். லோச்கள் யார் பெரியவர் என்று மோதிக்கொள்ளும்போது இப்படிச் சாம்பலாவது வழக்கம். வளர்ச்சியால் வரும் மாற்றத்தையும் இதையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: மனநிலையால் மாறினால் பட்டையின் வடிவம் அப்படியே இருக்கும், அடர்த்திதான் கூடிக் குறையும். வளர்ச்சியால் மாறினால் வடிவமே மாறும், அதற்கு மாதங்கள் ஆகும்.

சண்டை முடிந்து அரை மணி நேரத்தில் நிறம் திரும்பிவிட்டால் ஒன்றுமில்லை. நாள் முழுக்கச் சாம்பலாகவே இருந்து, வயிறும் ஒட்டி, மூலையிலேயே கிடந்தால் உடனே தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். உடம்பில் உப்புக்கல் போல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். லோச்களுக்கு அந்த வெள்ளைப்புள்ளி நோய் சீக்கிரம் பிடிக்கும், மருந்தின் கடுமையையும் அவை தாங்காது.

அப்படியானால் கலந்து கொடுப்பதே நடக்காதா என்றால், நடக்கும். குட்டியில் யோயோவும் போட்டியா ரோஸ்ட்ராட்டா என்ற இன்னொரு லோச்சும் குழப்பும். அதனால் இனம் பார்க்கும்போது பேட்டர்னைக் கடைசியில் வையுங்கள். மூக்கு எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு உயரம், துடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் ஐந்து போட்டோவிலும் நான் அப்படித்தான் பார்த்தேன், ஐந்திலும் முகம் ஒன்று.

பிரிப்பதற்குப் பதிலாக, அந்தச் சாம்பல் மீனுக்காக இன்னும் இரண்டு மூன்று குகை வையுங்கள், ஒன்றுக்கு ஒன்று கண்ணில் படாதபடி. ஐந்தும் சேர்ந்தே இருக்கட்டும். மாதம் ஒரு முறை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அந்தச் சின்ன மீனில் முதல் ஒய் எப்போது திறக்கிறது என்று எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.