தொடுகிற கை, தொடாத கை

வணக்கம் நேயர்களே. வேலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் எக்ஸ்ரே, ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில் ஒரு முறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். கால் உடைந்த பையன், மாசமாக இருக்கிற பெண், இருமுகிற பெரியவர் எல்லோரும் ஒரே பெஞ்சில். 2020ல் கொரோனா வந்தபோது, எங்கள் எக்ஸ்ரே பிரிவில் எனக்குத் தூக்கம் கெடுத்தது மிஷின் இல்லை, அந்தப் பெஞ்சுதான்.

அதனால் இருமல்காரர்களை வரவழைக்காமல், சக்கரம் வைத்த போர்ட்டபிள் எக்ஸ்ரேயை அவர்கள் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு போனோம். எப்போதும் இரண்டு பேர். ஒருவர் நோயாளியைத் தொடுவார், மிஷினைத் தொடமாட்டார். மற்றவர் மிஷினைத் தொடுவார், நோயாளியைத் தொடமாட்டார். மீன் ஆய்கிறபோது உப்பு ஜாடியை எடுக்கப் பிள்ளையைக் கூப்பிடுகிறோமே, அதேதான். படம் பதிகிற பிளேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் முதுகுக்கு அடியில் வைப்போம். படம் எடுத்ததும் தொட்டவர் கவரின் வாயை விரித்துப் பிடிப்பார். தொடாதவர் உள்ளிருக்கும் பிளேட்டை மட்டும் உருவிக்கொள்வார்.

"ஒரு ஆள் போதாதா?" என்று மேலிருந்து கேட்டார்கள். போதாது என்று விடாமல் சொன்னேன். ஒரு மே மாதம், நம்ம ஊர் வெயில் தெரியுமே, ஈயக் கோட்டுக்கு மேல் கவச உடை. குடியாத்தத்து நெசவாளி ஒருவர், எழுபது வயதிருக்கும், படமெடுக்க நிமிர்த்தியதும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். நோயாளியைத் தொடுகிற வேலையில் இருந்த எங்கள் பிரிவுப் பெண் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். "யாரும்மா நீ, முகமே தெரியலையே" என்றார் அவர். "உங்க பேத்தின்னு வெச்சுக்குங்க தாத்தா, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். மிஷினைச் சரிசெய்தது மற்றவர். அவள் தனியாகப் போயிருந்தால் அதே கையுறையோடு மிஷின் கைப்பிடியைப் பிடித்திருப்பாள். கிருமி அந்த மிஷினோடு அடுத்த வார்டுக்கும் போயிருக்கும். இரண்டு பேர் வேண்டும். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். சிடி ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. 2021ல் வீட்டுக்கு வீடு "சிடி ஸ்கோர் எவ்வளவு?" என்று கேட்டார்கள். நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்று ஸ்கேனைப் பார்த்துப் போடுகிற மதிப்பெண் அது. தொற்று வந்த முதல் இரண்டு நாளில் பலருக்கு நுரையீரல் படம் சுத்தமாகவே இருக்கும். அதை நம்பி வெளியே சுற்றினால் ஆபத்து. ஒருவரை ஸ்கேன் செய்த பிறகு அறையைத் துடைத்தால் மட்டும் போதாது, காற்றும் மாற வேண்டும். மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் கிருமி 99 சதவீதம் நீங்க 46 நிமிடம். 12 முறை மாறினால் 23 நிமிடம். வெளியே காத்திருந்தவர்கள் கோபப்பட்டது இதற்காகத்தான்.

துப்புரவுப் பணியாளர்களைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்தேன். அவர்களுக்கும் எங்களுக்குக் கொடுத்த அதே பயிற்சி, அதே கவசம். டியூட்டி பட்டியலில் அவர்கள் பெயரை எங்கள் பெயரோடு சேர்த்தே எழுதினோம். வணக்கம்.