லிபர்ட்டி கப்பலில் விரிசல் எங்கே தொடங்கியது?

அவையோர்க்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 18 கட்டுதளங்கள் சேர்ந்து 'லிபர்ட்டி' என்ற வகைச் சரக்குக் கப்பல்கள் 2,710-ஐக் கட்டின. முதல் கப்பலான 'பேட்ரிக் ஹென்றி' 1941 செப்டம்பர் 27-இல் பால்டிமோரில் நீரில் இறங்கியது. நீளம் 441 அடி, அகலம் 57 அடி, ஐந்து சரக்கறைகள். ஏறத்தாழ 10,000 டன் ஏற்றலாம். எஞ்சின் மட்டும் பழைய காலத்து நீராவி எஞ்சின், 2,500 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 11 கடல்மைல்தான். டர்பைனும் அதன் பல்சக்கரங்களும் போர்க்கப்பல்களுக்கே போதாத நேரம் அது. இந்தப் பழைய எஞ்சினையோ பல ஆலைகள் செய்துகொடுக்க முடிந்தது.

வேகமாகக் கட்ட முடிந்ததற்குக் காரணம் வெல்டிங். தகடுகளை ஆணியால் இணைக்கும் ரிவெட் அடிக்க, ஆணியைக் காய்ச்ச ஒருவர், வாங்கிச் செருக ஒருவர், பின்னால் தாங்கிப் பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர் என்று ஒரு குழுவே வேண்டும். வெல்டிங்கில் பெரும் பகுதிகளைத் தரையிலேயே செய்து, வெல்டர் குனிந்து வேலை பார்க்கும்படி புரட்டி வைத்து, பிறகு கிரேனில் தூக்கிப் பொருத்தினார்கள். தலைக்கு மேல் கை தூக்கிப் போடும் வெல்டிங் மெதுவானது. பழுதும் அதில்தான் அதிகம். கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 1942 நவம்பரில் 'ராபர்ட் இ. பியரி' நான்கு நாள், 15 மணி நேரத்துச் சொச்சத்தில் நீரில் இறங்கியது. அது ஒரு சாதனை ஓட்டம். எல்லாக் கப்பலையும் அப்படிக் கட்டவில்லை.

ஆனால் சில கப்பல்கள் பிளந்தன. 1943 நவம்பரில் 'ஜான் பி. கெய்ன்ஸ்' அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளருகே இரண்டாக முறிந்து, பத்துப் பேர் மாண்டார்கள். பழி முதலில் வெல்டர்கள் மேல் விழுந்தது. மோசமான வெல்டிங் இருந்ததும் உண்மைதான். ஆனால் சரக்கறை வாயின் மூலையைப் பாருங்கள். மேல்தளத்தில் அது சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. கப்பல் அலையில் வளையும்போது இழுவிசை முழுவதும் அந்தக் கூர்மூலையில் குவியும். கூடவே வெல்டிங் சூடு ஆறியபோது தகட்டில் தங்கிய இறுக்கமும் சேரும். கேம்பிரிட்ஜில் உலோக ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டியது இன்னொன்று: அந்த எஃகு குளிரில் வளையாமல் நொறுங்கியது. ரிவெட் கப்பலில் விரிசல் தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் கப்பலிலோ எல்லாத் தகடும் ஒரே உடல். விரிசல் நிற்க இடமில்லை.

பரிகாரமும் அங்கிருந்தே வந்தது. மூலைகளை வளைவாக்கினார்கள். மேல்தளத்தில் நீளவாக்கில் வேண்டுமென்றே ஒரு பிளவு வெட்டி, அதன் மேல் பட்டையை ரிவெட் அடித்தார்கள். ஓடிவரும் விரிசல் அந்தப் பிளவோடு நிற்கும்.