ஆல்பர்ட்டாவின் காலி நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் மேற்கே, எண்ணெய் வளம் கொழிக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடந்த ஒரு கட்சித் தாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1971 முதல் ஒரே கட்சி, முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சி, ஆண்டுகொண்டிருந்த மாகாணம் அது. அதற்கு எதிராக வளர்ந்தது வைல்ட்ரோஸ். காட்டு ரோஜா அந்த மாகாணத்தின் மலர். கட்சிக்கும் அதுவே பெயர். பத்திரிகையாளராக இருந்த டேனியல் ஸ்மித் அம்மையார் 2009-ல் அதன் தலைவரானார். 2012 தேர்தலில் 17 இடங்கள் வென்று எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்.

2014 டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஸ்மித் தன் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு ஆளுங்கட்சியில் போய்ச் சேர்ந்தார். பதவி விலகத் தேவையில்லை. அங்கே சட்டம் அதைக் கேட்பதில்லை. ஏற்கெனவே மூவர் விலகியிருந்ததால், வைல்ட்ரோஸில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர்.

மனம் மாறுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி அவருடைய சொந்தச் சொத்தா? அரசைக் கேள்வி கேளுங்கள் என்று ஜனங்கள் உட்கார வைத்த இடமல்லவா அது? வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்ட தொண்டனை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

மிஞ்சிய ஐவரில் ஒருவர் ஹெதர் ஃபோர்சித். அவரும் ராப் ஆண்டர்சனும் 2010-ல் ஆளுங்கட்சியை விட்டு ஒன்றாக வைல்ட்ரோஸுக்கு வந்தவர்கள். ஆண்டர்சன் ஸ்மித்தோடு திரும்பிப் போனார். ஃபோர்சித் போகவில்லை, தத்தளித்த கட்சிக்கு இடைக்காலத் தலைவராக நின்றார். கட்சி மாறியவர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று மாதம் கழித்து, 2015 மார்ச் 28. ஹைவுட் ஸ்மித்தின் சொந்தத் தொகுதி. அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, அவர் போய்ச் சேர்ந்த ஆளுங்கட்சியின் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ஓகோடோக்ஸ் நகர மன்ற உறுப்பினர் ஒருவரிடம் ஸ்மித் தோற்றுப்போனார். பொதுத் தேர்தல் களத்துக்கே போக முடியவில்லை. மே 5-ல் ஆளுங்கட்சியும் கவிழ்ந்தது. புதிய ஜனநாயகக் கட்சிக்கு 54 இடங்கள். தலைவியே விட்டுப்போன வைல்ட்ரோஸுக்கு 21. எதிர்க்கட்சி இடம் திரும்ப அதற்கே கிடைத்தது.

பிறகு ஸ்மித் வானொலி நிகழ்ச்சி நடத்தினார். 2017-ல் வைல்ட்ரோஸும் முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சியும் ஒன்றாக இணைந்தன. 2022 அக்டோபரில், அப்போது ஆட்சியில் இருந்த அந்த இணைந்த கட்சியின் தலைவர் தேர்தலில் ஸ்மித் நின்று, ஆறாவது சுற்றில் 53.77 சதவீதம் பெற்று முதல்வரானார். ஹைவுட்டில் அவருக்குக் கதவைச் சாத்தியதும் கட்சி உறுப்பினர்கள்தான். ஏழு ஆண்டு கழித்துத் திறந்துவிட்டதும் கட்சி உறுப்பினர்கள்தான். இந்த முறை அவர்களிடம் நேரில் போய்க் கேட்டு வாங்கினார். 2014-ல் அவர்களை யாரும் கேட்கவில்லை.

நன்றி, வணக்கம்.